ஒகினாவா 1945: போய்ப் பார்த்தவர்கள் சொல்லுங்கள்

நாஹாவாசி:
இரண்டாம் உலகப் போரில் ஜப்பானின் தெற்குத் தீவான ஒகினாவாவில் அமெரிக்கப் படை இறங்கியபோது ஜப்பானியக் கடற்படையின் தலைமையிடமாக இருந்தது தோமிகுசுக்கு சுரங்கம். அங்கே போனவர்களுக்கு அந்தச் சுவர் தெரிந்திருக்கும். 1945 ஜூனில் அதிகாரிகள் கையெறி குண்டை வெடித்துச் செத்த அறை. சுவர் முழுக்கச் சிறு சிறு குழிகள். ஐந்து வயது மகள் ஒரு குழியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "அப்பா, சுவருக்கு அம்மை போட்டிருந்ததா?" என்றாள். "ஆமாம்மா" என்று சொல்லிவிட்டேன். நான்கு வருடம் ஆகிறது, இன்னும் உறுத்துகிறது.

ஆலங்கட்டி:
அது ராணுவத்தின் கதை. ஊர் ஜனங்களின் கதை யோமிதான் கிராமத்தில் இருக்கிறது. ஏப்ரல் 1 அன்று அமெரிக்கப் படை இறங்கியது அந்தப் பக்கத்துக் கரையில்தான். மறுநாள் சிபிசிரி குகைக்குள் ஒளிந்திருந்த சுமார் 140 பேரில் 80க்கும் மேற்பட்டவர்கள் தற்கொலை செய்துகொண்டார்கள். பாதிக்கு மேல் பிள்ளைகள். அமெரிக்கரிடம் பிடிபட்டால் சித்திரவதைதான் என்று அவ்வளவு பயமுறுத்தி வைத்திருந்தார்கள். அதே ஊரின் ஷிமுகு குகையில் சுமார் 1,000 பேர் பிழைத்தார்கள். ஹவாயிலிருந்து திரும்பிய இரண்டு பேர் உள்ளே இருந்ததுதான் காரணம். அமெரிக்கர் கொல்ல மாட்டார்கள் என்று சொல்லி, வெளியே போய் ஆங்கிலத்தில் பேசி எல்லோரையும் காப்பாற்றினார்கள்.

ஷிமுகுவுக்குள் ஓடை ஓடும். கைபேசி விளக்கை அணைத்துப் பார்த்தேன். தண்ணீர்ச் சத்தம் மட்டும். பத்து எண்ணுவதற்குள் மறுபடி போட்டுவிட்டேன்.

கருவேலன்:
ஆலங்கட்டி, 'தற்கொலை' என்று எழுதாதீர்கள். ஐந்து வயதுப் பிள்ளை எப்படித் தற்கொலை செய்துகொள்ளும்? தோகாஷிகித் தீவில் ஊராருக்குக் கையெறி குண்டு கொடுத்ததே ஜப்பானிய ராணுவம்தான். 2007இல் ஜப்பானிய அரசு ராணுவத்தின் பங்கைப் பாடநூலிலிருந்து எடுக்கப் பார்த்தபோது ஒகினாவாவே கொதித்துத் தெருவுக்கு வந்தது. சொல் முக்கியம் ஐயா.

நான் பார்த்தது மாபுனியில், போரில் இறந்தவர்களின் நினைவிடத்தில். கருங்கற்களில் 2,40,000க்கும் மேற்பட்ட பெயர்கள், அமெரிக்கச் சிப்பாய்களுடையதும் சேர்த்து. கூட வந்த ஜப்பானிய நண்பர் படித்துக்கொண்டே வந்தவர் ஓரிடத்தில் நின்றார். ஒருவர் பெயர், அதன் கீழே 'இன்னாரின் மூத்த மகன்', 'இன்னாரின் குழந்தை'. பெயரைச் சொல்லக் குடும்பத்தில் ஆள் மிஞ்சவில்லையாம்.

வழித்துணை:
நான் ஹாயெபாரு ராணுவ மருத்துவமனைச் சுரங்கத்துக்குப் போனேன். தலைக்கவசம் கொடுத்தார்கள், அப்படியும் இடித்துக்கொண்டேன். அவ்வளவுதான். சரி, புதிதாகப் போகிறவர்களுக்கு: முன்பதிவு செய்யுங்கள். ஜூன் 23 ஒகினாவாவில் போரில் இறந்தவர்களின் நினைவு நாள், அங்கே அரசு விடுமுறை. மாபுனியில் பகல் 12 மணிக்கு மௌனம் காப்பார்கள், அந்த நேரத்தில் செல்ஃபி வேண்டாம். வெயில் மண்டையைப் பிளக்கும், குடையும் தண்ணீரும் அவசியம். சிபிசிரியில் அறிவிப்புப் பலகையைத் தாண்டாதீர்கள், அது கல்லறை. 2017இல் சில பையன்கள் உள்ளே புகுந்து உடைத்து வைத்தார்கள். அப்புறம், செருப்போடு போகாதீர்கள், வழுக்கும். நல்ல ஷூ.

நாஹாவாசி:
ஷூ பற்றி யாரும் கேட்கவில்லையே நண்பரே. மகள் இப்போது மூன்றாம் வகுப்பு. அடுத்த மாதம் அதே சுரங்கத்துக்குப் பள்ளியிலிருந்து கூட்டிப்போகிறார்கள். அதற்குள் நானே சொல்லிவிடலாமா, வேண்டாமா?