கோலக் கணக்குக்கு நிதி கேட்க வேண்டும், வழி சொல்லுங்கள்

ஆசிரிய நண்பர்களுக்கு வணக்கம். எங்கள் அரசு நடுநிலைப் பள்ளியில் 6, 7-ஆம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கோலம் வழியாகக் கணக்கு சொல்லித்தர ஆசை. புள்ளி வரிசையில் எண் தொடர், சிக்குக் கோலத்தில் சமச்சீர், அப்புறம் அதையே கணினியில் வரைவது. சென்னை கிறித்தவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமனி 1970-களிலேயே கோலங்களுக்குக் கணினி அறிவியல் முறையில் இலக்கணம் (வடிவங்களை உருவாக்கும் விதிகள்) வகுத்தவர். நம் பிள்ளைகளுக்கு இது போய்ச் சேர வேண்டாமா?

தரைக்கு வண்ணம், இரண்டு பழைய கணினி இருந்தால் போதும். அரசுப் பள்ளிகளுக்கு நன்கொடை திரட்ட 2022-இல் தொடங்கிய ‘நம்ம ஸ்கூல் நம்ம ஊர் பள்ளி’ அறக்கட்டளை வழியாகக் கேட்கலாம் என்றிருக்கிறோம். கட்டடம், கழிப்பறை என்றால் எழுதுவது சுலபம். இப்படி ஒரு முயற்சியை எப்படி எழுதுவது? பள்ளி மேலாண்மைக் குழுத் தீர்மானத்தையும் இணைக்க வேண்டுமா? ஏற்கெனவே நிதி பெற்றவர்கள் உங்கள் விண்ணப்ப நகலைப் பகிர்ந்தால் பெரிய உதவியாக இருக்கும்.