பின்னட்டையில் மட்டும் பெயர் இருந்த சாக்ஸபோன் கலைஞர்கள்: நம் அனுபவங்கள்

ஜாஸ் என்றவுடன் சார்லி பார்க்கர், ஜான் கோல்ட்ரேன், சானி ரோலின்ஸ் ஆகிய பெயர்கள் எல்லோருக்கும் நினைவுக்கு வருகின்றன. அவர்களைப் பற்றி எழுதப்பட்டவை ஏராளம். வேறொருவருடைய இசைத்தட்டின் பின்னட்டையில், வாசித்தவர்கள் பட்டியலில் எங்கோ ஓரத்தில் இருந்த ஒரு பெயர் உங்களைப் பிடித்து இழுத்ததுண்டா? அப்படி இழுத்த சாக்ஸபோன் கலைஞர் யார் என்பதை மட்டும் இங்கே பகிர்ந்துகொள்வோம். நானே தொடங்குகிறேன்.

எனக்கு அப்படி வாய்த்தவர் டீனா புரூக்ஸ். ஃப்ரெடி ஹப்பர்டின் முதல் தட்டான ‘ஓப்பன் செசமி’யை அவருடைய டிரம்பெட்டுக்காகத்தான் வாங்கினேன். தலைப்பு மெட்டு முடிந்தபோது மனத்தில் தங்கியிருந்ததோ டெனர் சாக்ஸபோன். உரத்துப் பேசாமல், சொல்ல வந்ததை முடிக்க அவசரப்படாமல், நீண்ட சொற்றொடர்களைச் சற்றே தயங்கியபடி வளைத்துக்கொண்டு போகும் வாசிப்பு அது. பின்னட்டையைப் பார்த்தால் அந்த மெட்டை எழுதியவரும் அவரே. அதே தட்டில் உள்ள ‘ஜிப்ஸி புளூ’வும் அவருடையதே. அந்த ஒலிப்பதிவு 1960 ஜூன் 19 அன்று நடந்தது. ஆறே நாளில், ஜூன் 25 அன்று, அதே ஹப்பர்டைத் தம் குழுவில் சேர்த்துக்கொண்டு புரூக்ஸ் தம் பெயரில் ‘ட்ரூ புளூ’வைப் பதிவு செய்தார். புளூ நோட் என்ற இசைத்தட்டு நிறுவனத்துக்காக அவர் தலைமையேற்றுப் பதிவு செய்தவை நான்கு தட்டுகளுக்குரியவை என்றாலும், அவர் உயிரோடு இருந்தவரை வெளிவந்தது இது ஒன்றுதான். ‘பேக் டு த ட்ராக்ஸ்’ என்ற தட்டுக்கு 4052 என்ற எண்கூட ஒதுக்கியிருந்தார்கள். ஆனாலும் தட்டு வரவில்லை. 1961க்குப் பிறகு அவர் எதையும் பதிவு செய்யவில்லை. 1974ல், 42 வயதில், இறந்துபோனார். 1985ல் மொசைக் நிறுவனம் நான்கு தட்டுகளையும் ஒரே பெட்டியில் வெளியிட்ட பிறகுதான் அவர் இசையை முழுமையாகக் கேட்க வழி பிறந்தது.

* * *

நல்ல தொடக்கம். என்னுடையவர் ஜே. ஆர். மான்டரோஸ். பாஸ் கலைஞர் சார்ல்ஸ் மிங்கஸின் ‘பித்திகாந்த்ரோபஸ் எரெக்டஸ்’ (1956) தட்டில் ஜாக்கி மெக்லீனின் ஆல்டோவுக்கு (டெனரைவிட உயர்ந்த சுருதியுள்ள சாக்ஸபோன்) பக்கத்தில் ஒலிக்கும் டெனர் அவருடையது. மெக்லீனைப் பற்றிப் பேசுகிறவர்கள் மான்டரோஸைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். சொற்களை நறுக்கி நறுக்கி வைப்பதுபோல் தாளத்தின் மேல் ஸ்வரங்களை வைக்கும் பாணி அவருக்கு உண்டு. அதைக் கேட்ட பிறகு டிரம்பெட் கலைஞர் கென்னி டோரமின் கஃபே பொஹீமியா கச்சேரிப் பதிவில் அவரை அடையாளம் கண்டுகொள்வது எனக்குச் சிரமமாக இருக்கவில்லை.

இவரைத் தேடுகிறவர்களுக்கு இரண்டு எச்சரிக்கைகள். முதலாவது, ஜாக் மான்ட்ரோஸ் என்று இன்னொரு டெனர் கலைஞர் இருக்கிறார். இருவரும் டெட்ராய்ட்டில் பிறந்தவர்கள். ஒருவர் 1927, மற்றவர் 1928. ஜாக் மேற்குக் கரையில் இயங்கியவர், கிளிஃபர்ட் பிரவுன் 1954ல் பசிபிக் ஜாஸ் நிறுவனத்துக்காகச் செய்த பதிவுகளுக்கு இசைக்கோப்பு அமைத்தவர். ஜே. ஆரின் தட்டை ஜாக்கின் பெயரில் விற்பனைக்கு வைத்திருந்ததை நானே பார்த்திருக்கிறேன். இரண்டாவது, ஜேரோ என்ற சிறு நிறுவனம் வெளியிட்ட ‘த மெசேஜ்’ என்ற அவருடைய 1959ஆம் ஆண்டுப் பதிவு, பின்னாளில் ஸனடு நிறுவனத்தால் ‘ஸ்ட்ரெய்ட் அஹெட்’ என்ற பெயரில் மறுபதிப்பானது. இரண்டும் ஒரே இசை. டாமி ஃபிளனகன், ஜிம்மி கேரிசன், பீட் லா ரோகா என்று பின்னட்டைப் பெயர்களை ஒப்பிட்டாலே தெரிந்துவிடும்.

* * *

மேலே பேசப்பட்ட இருவருமே புளூ நோட்டில் தட்டு செய்தவர்கள் என்பதால் (மான்டரோஸும் அங்கே 1536 என்ற எண்ணில் ஒரு தட்டு செய்திருக்கிறார்) அந்த நிறுவனத்தின் அசல் பதிப்பை அடையாளம் காண்பதைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். பலர் லேபிளில் அச்சிட்ட முகவரியை மட்டும் பார்த்து முடிவு செய்கிறார்கள். அது போதாது. 1966ல் லிபர்ட்டி நிறுவனம் புளூ நோட்டை வாங்கிய பிறகு, கையிருப்பில் இருந்த பழைய நியூயார்க் லேபிள்களையே புதிய தட்டுகளிலும் ஒட்டினார்கள். அதற்கு முந்தைய தட்டுகளை அச்சிட்டது பிளாஸ்டிலைட் என்ற ஆலை. கடைசி மெட்டு முடிந்து லேபிள் தொடங்கும்வரை உள்ள வெற்றுப் பகுதியைச் சாய்வான வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால், அந்த ஆலையின் சாய்ந்த ‘பி’ எழுத்துக் குறி தெரியும். சேகரிப்பவர்கள் அதைக் ‘காது’ என்று சொல்வார்கள். அதே பகுதியில் ஒலிப்பதிவாளர் ரூடி வான் கெல்டரின் முத்திரையும் இருந்தால், அவரே வெட்டிய மூலத்திலிருந்து வந்த தட்டு என்று கொள்ளலாம்.

இதையெல்லாம் தெரிந்துவைத்துக்கொள்வதில் இன்பம் உண்டு, மறுக்கவில்லை. ஆனாலும் புரூக்ஸ் போன்றவர்களைப் பொறுத்தவரை மறுபதிப்பே நமக்குக் கதி. அவருடைய தட்டுகளில் மூன்றுக்கு ‘முதல் பதிப்பு’ என்ற ஒன்று அந்தக் காலத்தில் இருந்ததே இல்லை.

* * *

கர்ட்டிஸ் ஏமி. டோர்ஸ் என்ற ராக் குழுவின் ‘டச் மீ’ பாட்டின் இறுதியில் ஒரு சாக்ஸபோன் சீறிக்கொண்டு வருமே, அது இவர்தான். உலகமெங்கும் கோடிக்கணக்கானோர் கேட்டிருக்கும் வாசிப்பு. வாசித்தவர் பெயரோ ஜாஸ் கேட்பவர்களிலேயே பலருக்குத் தெரியாது. ‘கட்டாங்கா!’ (1963) தட்டைத் தேடிக் கேளுங்கள். அதில் டிரம்பெட் வாசிக்கும் டூப்ரீ போல்ட்டன் இன்னும் அரிதானவர். அவரை ஹெரால்ட் லேண்டின் ‘த ஃபாக்ஸ்’ தட்டிலும் கேட்கலாம்.

* * *

இதுவரை பேசப்பட்டவர்கள் வாய்ப்பு அமையாமல் மறைந்திருந்தவர்கள். நான் சொல்லப்போகும் ஜான் கில்மோர், பின்னட்டையிலேயே இருப்பதென்று தாமே முடிவு செய்தவர் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. 1953ல் பியானோ கலைஞர் சன் ராவின் குழுவில் சேர்ந்தவர், இடையில் டிரம்ஸ் கலைஞர் ஆர்ட் பிளேக்கியுடன் சில காலம் வாசித்ததைத் தவிர, 1993ல் சன் ரா இறக்கும்வரை அங்கேயே இருந்தார். பிறகு தாம் இறக்கும்வரை அந்தக் குழுவை நடத்தினார்.

எனக்குக் கிடைத்த சாட்டர்ன் தட்டு ஒன்றின் அட்டையில் அச்சடித்த படம் இல்லை. மை பேனாவால் யாரோ வரைந்த கோடுகளும் வட்டங்களும் இருந்தன. லேபிளில் குறிப்பிட்ட மெட்டுகளுக்கும் உள்ளே ஒலித்தவற்றுக்கும் தொடர்பே இல்லை. சாட்டர்ன் என்பது சன் ராவும் ஆல்டன் ஏப்ரகாமும் நடத்திய சொந்த நிறுவனம்; சிறு எண்ணிக்கையில் அச்சிட்டு, அட்டைகளைக் குழுவினரே வரைந்து, கச்சேரி நடக்கும் இடத்திலேயே விற்பார்கள். ஆகவே எந்த மெட்டு எந்த ஆண்டினது என்று கண்டுபிடிப்பதே தனி வேலையாகிவிடும். அந்தக் குழப்பத்துக்கு நடுவில் கில்மோர் துணையின்றித் தனியாக வாசிக்கும் பகுதி வந்தபோது, கருவியின் மேல் எல்லையில் ஒரே ஸ்வரத்தைப் பிளந்து பிளந்து காட்டினார். ‘சேஸிங் த ட்ரேன்’ பதிவின் சமயத்தில் தாம் கில்மோரைக் கூர்ந்து கேட்டுக்கொண்டிருந்ததாகக் கோல்ட்ரேனே சொன்னது எவ்வளவு பொருத்தம் என்று அப்போது புரிந்தது. தொடங்குபவர்கள் சாட்டர்னில் இறங்க வேண்டாம்; கிளிஃபர்ட் ஜோர்டனுடன் அவர் சேர்ந்து செய்த ‘புளோயிங் இன் ஃப்ரம் சிகாகோ’ (1957) போதும். இருவரும் சிகாகோவின் டூசேபிள் உயர்நிலைப் பள்ளியில் கேப்டன் வால்டர் டயட்டிடம் பயின்றவர்கள். ஒரே ஆசிரியர், ஒரே கருவி. எனினும் இரண்டு டெனர்களையும் பிரித்தறிவது எளிது.

* * *

நான் கொஞ்சம் விரிவாக எழுதுவதற்குப் பொறுத்தருளுங்கள். மிங்கஸின் ‘த பிளாக் செயின்ட் அண்ட் த சின்னர் லேடி’யில் (1963) அழுகையும் கோபமும் கலந்து ஒலிக்கும் ஆல்டோவை வாசித்தவர் சார்லி மேரியானோ. பாஸ்டனில் பிறந்தவர். அவர் பெயரைப் பின்தொடர்ந்த நான், 1976ல் வெளிவந்த ‘ஹெலன் 12 ட்ரீஸ்’ தட்டின் பின்னட்டையில் சாக்ஸபோனுக்கு அடுத்து நாகஸ்வரம் என்று அச்சிட்டிருந்ததைக் கண்டு திகைத்தேன். 1960களின் பிற்பகுதியில் மலேசியாவில் தங்கியிருந்தபோது அந்தக் கருவியை அறிந்து, பின்னர் தென்னிந்தியாவுக்கு வந்து முறையாகப் பயின்றவர் அவர்.

நாகஸ்வரத்தில் சாக்ஸபோனைப்போல் விசைகள் கிடையாது. கமகம் முழுவதும் விரல், உதடு, மூச்சு ஆகிய மூன்றின் வேலை. சாக்ஸபோனில் ஒற்றை நாணல் பட்டை. இங்கோ இரட்டைச் சீவாளி, அது கேட்கும் மூச்சழுத்தமே வேறு. நாற்பது வயதைக் கடந்த, பெயர்பெற்ற ஆல்டோ கலைஞர் ஒருவர் இதைத் தொடக்கத்திலிருந்து கற்கத் துணிந்தார் என்பது என்னைப் பொறுத்தவரை பெரிய செய்தி. நாம் கோயில்களில் கேட்டுப் பழகிய ராக ஆலாபனையை இந்தத் தட்டுகளில் எதிர்பார்க்கக் கூடாது. அவருடைய நாகஸ்வரம் சில இடங்களில் கரடுமுரடாகவே இருக்கிறது. ஆனால் அதற்குப் பிறகு அவர் ஆல்டோவை எடுக்கும்போது, ஸ்வரத்திலிருந்து ஸ்வரத்துக்கு வழுக்கிச் செல்லும் விதம் 1963ல் இருந்ததுபோல் இல்லை. ஆர். ஏ. ராமமணியின் குரலோடு, கர்நாடகா காலேஜ் ஆஃப் பர்க்கஷன் குழுவுடன் 1983ல் இசிஎம் நிறுவனத்துக்குச் செய்த ‘ஜ்யோதி’யில் இந்த மாற்றத்தைத் தெளிவாகக் கேட்கலாம்.

* * *

மேரியானோவை நினைவூட்டியதற்கு நன்றி, ஐயா. அந்த வரிசையில் ஜோ ஹாரியட்டையும் சேர்க்க வேண்டும். ஜமைக்காவில் பிறந்து இங்கிலாந்தில் வாழ்ந்த ஆல்டோ கலைஞர், 1973ல் மறைந்தார். கல்கத்தாவில் பிறந்த ஜான் மேயருடன் அவர் செய்த ‘இண்டோ ஜாஸ் ஸ்வீட்’டில் ஜாஸ் குழு ஒன்றும் இந்திய இசைக்குழு ஒன்றும் சேர்ந்து வாசிக்கின்றன. அதில் எழுதிவைத்த பகுதிகள் மிகுதி என்பதால் ஹாரியட்டின் கற்பனைக்குப் போதிய இடம் இல்லை என்பது என் கருத்து. அவருடைய ‘ஃப்ரீ ஃபார்ம்’ தட்டையே முதலில் கேட்கச் சொல்வேன். இரு மரபும் சமமாக உரையாடுவதைக் கேட்க விரும்புகிறவர்களுக்குக் கத்ரி கோபால்நாத்தும் ருத்ரேஷ் மஹந்தப்பாவும் சேர்ந்து வாசித்த ‘கின்ஸ்மென்’ (2008) இருக்கிறது. இரண்டும் ஆல்டோ சாக்ஸபோன்களே.