வீட்டு பேக்கப்புக்கும் படம் பார்க்கவும் நாஸ்: 30,000 ரூபாய்க்குள் என்ன வாங்கலாம்?

காட்பாடி:
வணக்கம். அப்பாவின் பழைய கல்யாண கேசட்டுகளை டிஜிட்டலாக மாற்றி வைத்திருக்கிறேன். வீட்டில் இருக்கும் போன்களின் போட்டோக்களையும் சேர்த்தால் 1.5 டிபி வருகிறது. பைபர் ரவுட்டரின் யுஎஸ்பி போர்ட்டில் போர்ட்டபிள் டிஸ்க்கை மாட்டினேன். காப்பி ஆக ரொம்ப நேரம் எடுக்கிறது, பாதியில் டிஸ்க் காணாமல் போகிறது, டிவியில் வீடியோ நின்று நின்று ஓடுகிறது. இரண்டு டிஸ்க் நாஸ் (வீட்டு நெட்வொர்க்கில் மாட்டும் சேமிப்புப் பெட்டி) வாங்கி ரெய்டு 1 (இரண்டு டிஸ்க்கிலும் ஒரே கோப்புகளை எழுதுவது) போட்டால் எல்லாம் தீர்ந்துவிடுமா?

சத்துவாச்சாரி:
ரவுட்டரில் மாட்டினால் பெரும்பாலும் இப்படித்தான் ஆகும். யுஎஸ்பி 2.0 போர்ட் கொடுக்கும் மின்சாரம் 500 மில்லிஆம்ப். டிஸ்க் சுழல ஆரம்பிக்கும்போது அதைவிட அதிகம் இழுக்கும், அதனால் இணைப்பு அறுந்துபோகிறது. ரவுட்டரின் சின்ன பிராசசரும் கோப்புகளைப் பரிமாறத் திணறும். நாஸை கிகாபிட் போர்ட்டில் கேபிள் வழியாக இணைத்தால் நொடிக்கு 110 எம்பி வரை வரும். சில ரவுட்டர்களில் ஒரு போர்ட் மட்டும்தான் கிகாபிட், மற்றவை 100 எம்பிபிஎஸ். அவற்றில் மாட்டினால் 11 எம்பிதான். வாங்கும் முன் இதைப் பார்த்துவிடுங்கள்.

ராணிப்பேட்டை:
தம்பி, ரெய்டு 1 பேக்கப் ஆகாது. ஒரு டிஸ்க் செத்தால் இன்னொன்று ஓடும், அதற்கு மட்டும்தான் அது. வீட்டில் யாராவது ஒரு ஃபோல்டரை அழித்தால் இரண்டு டிஸ்க்கிலும் அதே நொடியில் அழியும். வைரஸ் கோப்புகளைப் பூட்டினாலும், இடி விழுந்து பெட்டியே எரிந்தாலும் இரண்டும் சேர்ந்தே போகும். கல்யாண கேசட் இனி திரும்பக் கிடைக்காத பொருள், அதை ஒரே பெட்டியை நம்பி விடாதீர்கள்.

இந்தப் பணத்தில் நான் செய்வது இதுதான். சினாலஜி டிஎஸ்223ஜே மாதிரி இரண்டு டிஸ்க் பெட்டி, உள்ளே இப்போதைக்கு ஒரே ஒரு 4 டிபி டிஸ்க். மிச்சப் பணத்தில் வெளியே மாட்டும் யுஎஸ்பி டிஸ்க். அந்த பெட்டியின் ஹைப்பர் பேக்கப் மென்பொருள் பழைய பதிப்புகளையும் வைத்திருக்கும், அழித்ததை மீட்கலாம். பேக்கப் முடிந்ததும் யுஎஸ்பி டிஸ்க்கைக் கழற்றி, குடியாத்தத்திலோ ஆம்பூரிலோ சொந்தக்காரர் வீட்டில் வையுங்கள். இரண்டு டிஸ்க் வாங்கி மாற்றி மாற்றி வைத்தால் இன்னும் நல்லது. ரெய்டுக்கான டிஸ்க்கை அப்புறம் வாங்கலாம்.

காட்பாடி:
நன்றி அண்ணா. ஆபீஸ்களில் கழித்த பழைய கம்ப்யூட்டர் மலிவாகக் கிடைக்கிறதே, அதில் ஓபன்மீடியாவால்ட் (கம்ப்யூட்டரை நாஸாக்கும் லினக்ஸ் மென்பொருள்) போட்டால்?

சத்துவாச்சாரி:
தாராளமாகப் போடலாம், எனக்கு அதுதான் பிடிக்கும். ஏழாம் தலைமுறை இன்டெல் என்றால் 10 பிட் எச்.265 (நன்றாகச் சுருக்கிய வீடியோ வகை) வீடியோவையும் டிவிக்கு ஏற்ற வகைக்கு ஹார்டுவேரிலேயே மாற்றும், ஜெல்லிஃபின் (சேமித்த படங்களை டிவிக்கு அனுப்பும் மென்பொருள்) நன்றாக ஓடும். டிஎஸ்223ஜேயில் ரேம் 1 ஜிபிதான், வீடியோவை மாற்றிக் கொடுக்கும் வேலைக்கு ஆகாது. ஆனால் உங்கள் டிவியே எச்.265ஐ நேராக ஓட்டினால் மாற்றும் தேவையே இல்லை. கரண்டையும் கணக்குப் பாருங்கள்: 35 வாட் இழுக்கும் கம்ப்யூட்டர் இரண்டு மாத பில்லில் 50 யூனிட், 15 வாட் பெட்டி 22 யூனிட்டுக்குள். பராமரிப்பும் உங்கள் தலையில்தான். வீட்டார் யாரும் லினக்ஸ் தொடமாட்டார்கள் என்றால் பெட்டியே நல்லது.

ஆற்காடு:
யாரும் வெயிலைப் பற்றிச் சொல்லவில்லையே! அக்னி நட்சத்திரத்தில் நம் பக்கம் 40 டிகிரியைத் தாண்டும். டிவி அலமாரிக்குள் மூடி வைக்காதீர்கள், பரணில் வேண்டவே வேண்டாம். டிஸ்க் வெப்பம் 50ஐ நெருங்கினால் எச்சரிக்கை வரும்படி அமைத்துவிடுங்கள். கரண்ட் போய் இன்வெர்ட்டர் மாறும் இடைவெளியில் பெட்டி ரீஸ்டார்ட் ஆகலாம். இன்வெர்ட்டரில் யுபிஎஸ், ஈகோ என்று சுவிட்ச் இருந்தால் யுபிஎஸ் பக்கம் வையுங்கள். யுஎஸ்பி கேபிள் உள்ள சின்ன யுபிஎஸ் இன்னும் பாதுகாப்பு, பேட்டரி தீரும் முன் நாஸ் தானே மூடிக்கொள்ளும்.

காட்பாடி:
டிவி எச்.265 நேராக ஓட்டுகிறது, பார்த்துவிட்டேன். பெட்டியே வாங்குகிறேன். டிஸ்க் எது? டபிள்யூடி ரெட், ரெட் பிளஸ் இரண்டும் ஒன்றா?

ராணிப்பேட்டை:
ஒன்றல்ல. வெறும் ரெட் எஸ்எம்ஆர் வகை (தடங்களை ஒன்றன்மேல் ஒன்று ஏற்றி எழுதுவது), ரெய்டில் புது டிஸ்க் சேர்க்கும்போது படுத்தும். ரெட் பிளஸ் அல்லது சீகேட் ஐயன்வுல்ஃப் சிஎம்ஆர் (தடங்களை ஏற்றாமல் தனித்தனியாக எழுதுவது), அதில் ஒன்றை வாங்குங்கள். பில்லோடு வாங்கி, சீரியல் எண்ணை நிறுவனத் தளத்தில் போட்டு வாரண்டி இந்தியாவில் செல்லுமா என்று அன்றே பாருங்கள். முதல் பேக்கப் முடிந்ததும் ஒரு கல்யாண வீடியோவை யுஎஸ்பி டிஸ்க்கிலிருந்து மீட்டு, கடைசி வரை ஓட்டிப் பார்த்துவிட்டு இங்கே சொல்லுங்கள் தம்பி.