இளம் நட்சத்திரம் சீறினால் கிரகத்துக்குக் கெடுதலா?

ஊதியூர் வானம்:
மார்கழிப் பனியில் ஊதியூர் மலையடிவாரத்தில் நின்று, ஆறு அங்குலத் தொலைநோக்கியில் எஃப்யு ஓரியானிஸைப் பார்த்தேன். மிருகசீரிடத்துக்குப் பக்கத்தில் மங்கலாக ஒரு புள்ளி, அவ்வளவுதான். 1936-37-இல் நூறு மடங்குக்கு மேல் பிரகாசமாகி, இன்னும் முழுசாக அடங்காத இளம் நட்சத்திரம் அது.

இப்படிச் சீறும் நட்சத்திரம் தன்னைச் சுற்றியுள்ள வாயு, தூசி வட்டில் கிரகம் உருவாவதைக் கெடுத்துவிடும் என்பது என் கட்சி. இதே மாதிரி சீறும் இன்னொரு இளம் நட்சத்திரமான வி883 ஓரியானிஸை எடுத்துக்கொள்ளுங்கள். சூரியனைவிடக் கொஞ்சம் பெரியது. சாதாரணமாக அந்த அளவு நட்சத்திரத்தைச் சுற்றி, பூமி-சூரியன் தூரத்தைப் போல ஐந்து மடங்கிலேயே தண்ணீர் உறைந்துவிடும். சீற்றத்தால் அந்த எல்லை நாற்பது மடங்குக்குத் தள்ளிப் போனதை சிலியில் உள்ள அல்மா ரேடியோ தொலைநோக்கி 2016-இல் காட்டியது. நம் புளூட்டோ இருக்கும் தூரம்! பனி படிந்த தூசிதான் நன்றாக ஒட்டி வளரும். பனி போனால் அந்தத் தூசி உருண்டை உதிர்ந்துவிடும்.

கவுந்தப்பாடி அம்மிணி:
அண்ணா, 'கெடுத்துவிடும்' என்பதை ஒத்துக்கொள்ள மாட்டேன். எங்கள் வெல்ல ஆலையில் காய்ந்த சக்கையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளினால் அடுப்பு நிதானமாக எரியும். ஒரு கட்டு மொத்தமாக உள்ளே சரிந்தால் தீ குப்பென்று எழும்பி, கொப்பரையில் நுரை விளிம்பு வரை ஏறிவிடும். இங்கேயும் வட்டில் தேங்கிய வாயுவும் தூசியும் மொத்தமாக நட்சத்திரத்தின் மேல் விழுகின்றன. நட்சத்திரம் வெடிக்கவில்லை.

அந்தச் சூட்டில் புதுப் பொருளும் பிறக்கிறது. 2008-இல் ஈஎக்ஸ் லூப்பி என்ற இளம் நட்சத்திரம் சீறியபோது, முன்பு தென்படாத ஃபார்ஸ்டரைட் என்ற கனிமத்தின் படிகங்களை ஸ்பிட்சர் விண்தொலைநோக்கி அதன் தூசியில் கண்டது. அதே படிகம் வால்நட்சத்திரங்களிலும் உண்டு. குளிரிலேயே கிடக்கும் வால்நட்சத்திரத்துக்குள் வெந்த கல் எப்படி வந்தது என்ற பழைய கேள்விக்கு இது ஒரு நல்ல பதில்.

தாராபுரத்தான்:
எவ்வளவு நாளைக்குச் சீறுமுங்க?

கவுந்தப்பாடி அம்மிணி:
ஈஎக்ஸ் லூப்பி மாதிரி என்றால் சில மாதம் தம்பி. எஃப்யு ஓரியானிஸ் மாதிரி என்றால் பல பத்தாண்டுகள்.

ஊதியூர் வானம்:
சரி, கல் வெந்தது. தண்ணீர்?

கவுந்தப்பாடி அம்மிணி:
ஆவியான தண்ணீர் சூடு தணிந்ததும் திரும்ப உறையும். அப்புறம், பனியாகவே இருந்திருந்தால் அதை அல்மா அளந்திருக்கவே முடியாது. சீற்றம் ஆவியாக்கியதால்தான் வி883 வட்டின் தண்ணீரில் கனமான ஹைட்ரஜன் (தண்ணீர் எங்கே பிறந்தது என்று காட்டும் அடையாளம்) எவ்வளவு என்று 2023-இல் சொல்ல முடிந்தது. நம் வால்நட்சத்திரங்களில் உள்ள அளவோடு அது ஒத்துப்போகிறது. அப்படியென்றால் நட்சத்திரம் பிறப்பதற்கு முன்பே விண்மேகத்தில் இருந்த தண்ணீர் அதிகம் மாறாமல் வட்டுக்கு வந்திருக்கிறது. பவானியில் ஓடும் தண்ணீரில் ஒரு பங்கு சூரியனுக்கும் மூத்ததாக இருக்கலாம். இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கமே வரவில்லை அண்ணா.

ஊதியூர் வானம்:
தண்ணீர் விஷயத்தில் நீங்கள் சொல்வதை ஏற்கிறேன் அம்மிணி. தூசி விஷயத்தில் மாட்டேன். ஆவி திரும்ப உறையும்போது உதிர்ந்த தூள்மேல் படியும், பழைய உருண்டை மேல் இல்லை. பதம் வந்த வெல்லம் திரும்பக் கருப்பஞ்சாறு ஆகாது என்பது ஆலைக்காரரான உங்களுக்குத் தெரியாததா?