பேக்ஹாலுக்கு ‘வரத்து’ என்று வைத்தால் என்ன?

குழுவினருக்கு வணக்கம்.

வீட்டு மெஷ் வைஃபை (ஒரு தலைமைத் திசைவியும், அறைகளில் வைக்கும் கணுக்கள் என்ற துணைப் பெட்டிகளும் சேர்ந்து தரும் வைஃபை) பற்றிய நம் கையேட்டு வரைவில், பேக்ஹால் (backhaul) என்ற சொல் வருகிற இடமெல்லாம் ‘பின்னிணைப்பு’ என்று போட்டிருக்கிறோம். எனக்கு இதில் உடன்பாடில்லை. பின்னிணைப்பு என்றதும் தமிழ் வாசகருக்குப் புத்தகத்தின் கடைசியில் வரும் அட்டவணைகள்தான் நினைவுக்கு வரும். “வேகம் குறைந்தால் முதலில் பின்னிணைப்பைச் சரிபார்க்கவும்” என்று படித்துவிட்டு ஒருவர் கையேட்டின் கடைசிப் பக்கத்தைப் புரட்டினால் அவர் மேல் தப்பில்லை.

ஆங்கிலச் சொல்லை ‘பேக்’ தனி, ‘ஹால்’ தனி என்று உடைத்து மொழிபெயர்த்ததால் வந்த வினை இது. லாரித் தொழிலில் அந்தச் சொல்லுக்குத் திரும்பி வரும்போது ஏற்றிவரும் சரக்கு என்று பொருள். நம்மவர்கள் ரிட்டர்ன் லோடு என்பார்களே, அதுதான். தொலைத்தொடர்பில் அது செல்பேசிக் கோபுரத்தை மைய வலையமைப்போடு சேர்க்கும் இணைப்பு. வீட்டு மெஷ்ஷில் கணுவைத் தலைமைத் திசைவியோடு (ரவுட்டர்) சேர்க்கும் இணைப்பு. ஆளுக்கொரு ‘பின்’. அதைப் பிடித்துத் தொங்காமல், இந்த இணைப்பு செய்கிற வேலையிலிருந்து சொல்லைத் தேடலாம்.

மெஷ்ஷில் சிக்னல் சரியில்லை என்று ஒருவர் சொன்னால் அந்தப் புகாருக்குள் இரண்டு இணைப்புகள் இருக்கின்றன. கைபேசியிலிருந்து பக்கத்துக் கணு வரை ஒன்று, அந்தக் கணுவிலிருந்து தலைமைத் திசைவி வரை இன்னொன்று. கைபேசித் திரையில் தெரியும் கோடுகள் முதலாவதை மட்டும்தான் காட்டும். அதனால்தான் கடைசி அறையில் கோடுகள் முழுசாக நிற்கும், வீடியோ மட்டும் சுற்றிக்கொண்டே இருக்கும். கைபேசிக்கும் கணுவுக்கும் நடுவில் ஒரு குறையும் இல்லை; கணுவுக்கே மேலிருந்து சரியாக வந்து சேரவில்லை. நம் வரைவோ இரண்டையும் ‘சிக்னல் வலிமை’ என்று ஒரே பெயரில் சொல்கிறது. படிப்பவர் கோடுகளைப் பார்த்துவிட்டு, சரி, சிக்னல் நன்றாகத்தான் இருக்கிறது என்று அடுத்த படிக்குப் போய்விடுவார்.

இரண்டையும் பிரித்துப் பார்க்கும் வழி எளிது. தலைமைத் திசைவிக்குப் பக்கத்தில் நின்று ஒரு வேகச் சோதனை, அப்புறம் கணுவை ஒட்டி நின்று அதே கைபேசியில் இன்னொரு சோதனை. இரண்டாவது இடத்தில் கைபேசி அந்தக் கணுவைத்தான் பிடித்திருக்கிறதா என்று மெஷ் செயலியில் பார்த்துக்கொள்ள வேண்டும். எந்தக் கணுவோடு சேர்வது என்று கடைசியில் முடிவெடுப்பது கைபேசிதான். சில கைபேசிகள் பழைய கணுவை லேசில் விடாது. கணுவை ஒட்டி நின்றும் வேகம் அடிமட்டத்தில் இருந்தால், நாம் பெயர் தேடும் இணைப்பில்தான் கோளாறு. தலைமைத் திசைவியின் பக்கத்திலேயே வேகம் வரவில்லையென்றால் கணுக்களை நகர்த்தி ஒரு பயனும் இல்லை. அந்தத் திசைவியையும் வெளியிலிருந்து வரும் இணைய இணைப்பையும் பார்க்க வேண்டும்.

சில செயலிகள் கணு வாங்கும் சிக்னல் வலிமையை டிபிஎம் (dBm) என்ற அலகில் காட்டும். முன்னால் மைனஸ் குறி இருப்பதால் பலர் இதைத் தலைகீழாகப் படிக்கிறார்கள். −50 நல்லது, −80 மோசம். −67 வரை இருந்தால் பேச்சுக்கும் வீடியோவுக்கும் தாங்கும் என்பது துறையில் வழக்கமான கணக்கு. 3 டெசிபெல் இறங்கினால் வலிமை பாதி, 10 இறங்கினால் பத்தில் ஒரு பங்கு.

பெரும்பாலும் தப்பு நடப்பது கணு வைக்கும் இடத்தில். சிக்னல் எட்டாத அறை எது என்று பார்த்து, அந்த அறைக்குள்ளேயே கணுவை வைத்துவிடுகிறார்கள். கைபேசிக்கு எட்டாத இடத்தில் கணுவுக்கு மட்டும் எப்படி எட்டும்? அந்த அறைக்கும் தலைமைத் திசைவிக்கும் நடுவே, சிக்னல் இன்னும் தெம்பாக இருக்கிற இடத்தில் அது நிற்க வேண்டும். வழியில் கம்பி கட்டிய கான்கிரீட், ஆளுயரக் கண்ணாடி, குளிர்சாதனப் பெட்டி, மீன்தொட்டி எதுவும் குறுக்கே வராமல் இருந்தால் நல்லது. 5 கிகாஹெர்ட்ஸ் அலை, 2.4-ஐவிடச் சுவரில் கூடுதலாகவே இழக்கும். போதாததற்கு, கைபேசியோடு பேசவும் மேலே தலைமைத் திசைவியோடு பேசவும் ஒரே ரேடியோவைப் பயன்படுத்தும் கணுவில், ஒவ்வொரு தாவலுக்கும் (ஒரு பெட்டியிலிருந்து அடுத்த பெட்டிக்குத் தாண்டும் ஒவ்வொரு முறையும்) வேகம் ஏறக்குறையப் பாதியாகும். மூன்று பட்டைக் (ட்ரை-பேண்ட்) கருவிகள் சிலவற்றில் இதற்கென்றே ஒரு ரேடியோவை ஒதுக்குவது இதனால்தான்.

இனி சொல். ‘கணுவிடை இணைப்பு’ என்று முன்பு ஒருவர் முன்வைத்தார். பொருள் சுத்தம்தான், ஆனால் கோபுரத்துக்குப் பொருந்தாது. கோபுரத்துக்கும் கோபுரத்துக்கும் நடுவில் போவதை மட்டுமா சொல்கிறோம்? ‘முதுகிணைப்பு’ என்றால் முதுகெலும்பு வலையோடு (பேக்போன்) குழம்பும். ‘தாய்த்தொடுப்பு’ கேட்க அழகு, யாரும் பேச்சில் சொல்லமாட்டார்கள்.

என் பரிந்துரை: வரத்திணைப்பு. பேச்சில் வெறும் வரத்து. ஏரிக்குத் தண்ணீர் கொண்டுவருவது வரத்துக்கால், ஏரியிலிருந்து வயலுக்குப் போவது பாசனக்கால். வரத்துக்கால் தூர்ந்துபோனால் மதகை எவ்வளவு திறந்தும் வயல் நனையாது. கணுவின் நிலைமையும் அதேதான். தொலைபேசியில் வழிசொல்லும்போது “கோடு இருக்கட்டும், கணுவுக்கு வரத்து இருக்கா பாருங்க” என்று சொல்லிப் பாருங்கள். விளக்கம் கேட்கமாட்டார்கள்.

மறுப்பு இருந்தால் தயங்காமல் எழுதுங்கள்.

* * *

அண்ணா, வணக்கம்.

பின்னிணைப்பு வேண்டாம் என்பதில் நானும் உங்கள் பக்கம்தான். ஆனால் வரத்தில் எனக்கு மூன்று தயக்கங்கள்.

வரத்து என்றால் உள்ளே வருவது மட்டும். இந்த இணைப்பில் தரவு மேலேயும் போகிறது. வீடியோ அழைப்பில் எதிரில் இருப்பவருக்கு நம் முகம் உறைந்து நின்றால் அது மேலே போகும் பக்கத்தின் கோளாறு. அங்கே ‘வரத்து குறைவு’ என்று எழுதினால் குழப்பாதா?

இரண்டாவது, கம்பி வழி இணைத்தாலும் அது பேக்ஹால்தான். நீங்கள் எழுதியது முழுக்க அலையைப் பற்றி. சொல் இரண்டுக்கும் தாங்குமா?

மூன்றாவது, வைஃபை கூட்டமைப்பு 2018-இல் வெளியிட்ட ஈஸிமெஷ் என்ற மெஷ் தரநிலையில் பேக்ஹாலோடு ஃப்ரண்ட்ஹாலும் (கணுவிலிருந்து கைபேசி போன்ற கருவிகளுக்குப் போகும் இணைப்பு) ஜோடியாக வருகிறது. ஒன்றுக்கு மட்டும் பெயர் வைத்துவிட்டு மற்றதை அந்தரத்தில் விடலாமா?

* * *

தம்பிக்கு,

> வரத்து என்றால் உள்ளே வருவது மட்டும்.

அகராதியில் சரி. புழக்கத்தில் அது எப்போதும் அப்படி ஒருவழியாக நிற்பதில்லை. போக்குவரத்து என்ற சொல்லுக்குள்ளேயே போக்கோடு சேர்ந்துதான் இருக்கிறது. ‘வரத்துப்போக்கு இல்லாத பாதை’ என்றால் ஒரு பக்கமாக மட்டும் ஆள் நடமாட்டம் இல்லை என்று யாரும் எடுத்துக்கொள்வதில்லை. உங்கள் வீடியோ அழைப்பு எடுத்துக்காட்டு நல்லது, அதைக் கையேட்டில் சேர்ப்போம். அந்த இடத்தில் மட்டும் ‘வரத்திணைப்பின் பதிவேற்ற வேகம்’ என்று விரித்து எழுதினால் போதும். இணைப்பின் பெயரே திசையையும் சொல்லித் தீர வேண்டியதில்லை.

> கம்பி வழி இணைத்தாலும்

தாங்கும். வரத்து என்பதில் அலை, கம்பி எதுவும் ஒட்டிக்கொண்டில்லை. கம்பி வரத்து, அலை வரத்து என்று முன்னால் ஒரு சொல் சேர்த்துக்கொள்ளலாம். கம்பி வரத்தில்கூடக் கோளாறு வரும் என்பதைக் கையேடு சொல்லாமல் விட்டிருக்கிறது, நீங்கள் கேட்டதால் சொல்கிறேன். ஈதர்நெட் கம்பிக்குள் எட்டு இழைகள், நாலு சோடி. இப்போது வீடுகளில் இருக்கும் ஜிகாபிட் இணைப்புக்கு எட்டும் வேண்டும். 100 மெகாபிட்டுக்கு நாலு இழையே போதும். நுனியில் கிரிம்ப் செய்தபோது மற்ற நாலில் ஒரு இழை சரியாகக் கடிக்கவில்லையென்றால் இணைப்பு அறுந்துபோகாது, பல கருவிகளில் சத்தமில்லாமல் 100-க்கு இறங்கி ஓடிக்கொண்டிருக்கும். விளக்கு எரிந்துகொண்டுதான் இருக்கும். வேகச் சோதனை எத்தனை தடவை செய்தாலும் 90-சொச்சத்தைத் தாண்டாமல் நின்றால் கணுவைக் குற்றம் சொல்லாமல் கம்பியின் நுனியைப் பாருங்கள்.

> அந்தரத்தில் விடலாமா?

இதில் நீங்கள் சொல்வது சரி. ஆனால் ஃப்ரண்ட்ஹாலுக்கு ‘முன்’ வைத்து ஒன்று செய்தால் பழைய வம்பே திரும்பி வரும். அந்தப் பக்கம் இருப்பது கைபேசி, மடிக்கணினி, தொலைக்காட்சி; ‘கருவியிணைப்பு’ என்று நேராகச் சொல்லிவிடலாம். பாசனம் என்று இழுத்தால் உவமை சொல்லை விழுங்கிவிடும்.

பதிவுக்கான வரைவு:

வரத்திணைப்பு (பேச்சில்: வரத்து): கணுவை அல்லது கோபுரத்தைத் தலைமைத் திசைவியோடு அல்லது மைய வலையமைப்போடு சேர்க்கும் இணைப்பு. கம்பி வழியாகவோ அலை வழியாகவோ அமையலாம். எதிர்: கருவியிணைப்பு.

எடுத்துக்காட்டு: கைபேசியில் கோடுகள் முழுதாக இருந்தும் வேகம் இல்லையென்றால், கணுவின் வரத்தைச் சோதிக்கவும்.

‘தாவல்’ பற்றியும் இன்னொருவர் தனியே கேட்டிருந்தார். அதற்கு வேறு மடலிழை தொடங்குங்கள், உலாவித் தாவலோடு மோதுகிறது என்பதால் அது நீளும்.