ஆறு மாதத்தில் சிஸ்டமேட்டிக் ரிவ்யூ முடியுமா, ஸ்கோப்பிங் போதுமா?

கீழ்ப்பாக்கம் பிஜி:
காசநோயாளிகள் மாத்திரையை விடாமல் எடுக்க செல்போன் நினைவூட்டல் உதவுகிறதா? இதுதான் என் தலைப்பு. ஒரு கேள்விக்கான ஆய்வுகளை எல்லாம் முறைப்படி தேடித் தொகுக்கும் சிஸ்டமேட்டிக் ரிவ்யூ செய்யச் சொல்கிறார் கைடு. சீனியர்கள் ஸ்கோப்பிங் ரிவ்யூதான் சுலபம் என்கிறார்கள். கையில் இருப்பது ஆறு மாதம். எதை எடுப்பது? கட்டுரைகளைத் தேட பப்மெட் தரவுத்தளம் மட்டும் போதுமா?

அடையாறு நூலகர்:
"உதவுகிறதா" என்று கேட்டால் சிஸ்டமேட்டிக் ரிவ்யூதான். என்னென்ன வகை நினைவூட்டல்கள் உள்ளன, எதையெல்லாம் அளந்தார்கள் என்று பார்ப்பதானால் ஸ்கோப்பிங். அது சுலபமில்லை. கேள்வி அகலமாகும்போது சலிக்க வேண்டிய கட்டுரைகளும் பெருகும்.

பப்மெட் மட்டும் போதாது. எம்பேஸ், காக்ரேன் சென்ட்ரல் ஆகிய தரவுத்தளங்களிலும் தேடுங்கள். வெளியாகாத ஆய்வுகளுக்கு, இந்திய மருத்துவப் பரிசோதனைகள் பதியப்படும் சிடிஆர்ஐ பதிவேட்டைப் பாருங்கள். எம்பேஸுக்குச் சந்தா வேண்டும், கல்லூரி நூலகத்தில் கேளுங்கள்.

பலர் சறுக்குவது மெஷ் சொற்களை, அதாவது பப்மெட் கட்டுரைகளுக்கு இடப்படும் பொருள் தலைப்புகளை, மட்டும் நம்பித்தான். எல்லாக் கட்டுரைகளுக்கும் மெஷ் ஏறியிருக்காது. எஸ்எம்எஸ், டெக்ஸ்ட் மெசேஜ், ரிமைண்டர் போன்ற சொற்களைத் தலைப்பிலும் சுருக்கத்திலும் தேடும்படி 'ஆர்' போட்டுச் சேர்த்துக்கொள்ளுங்கள். காசநோய், நினைவூட்டல் ஆகிய இரு தொகுதிகளை 'ஆண்ட்' போட்டு இணைத்தால் போதும். மாத்திரை ஒழுங்கை மூன்றாவது தொகுதியாக்காதீர்கள். அதைச் சுருக்கத்தில் சொல்லாத நல்ல ஆய்வுகள் கழன்றுவிடும். உங்களுக்குத் தெரிந்த ஐந்தாறு முக்கியக் கட்டுரைகள் தேடலில் வருகின்றனவா பாருங்கள். ஒன்று வராவிட்டாலும் தேடலைத் திருத்த வேண்டும்.

புள்ளியியல் வாத்தியார்:
ஆய்வுகளிலிருந்து டேட்டா எடுக்கத் தொடங்கும் முன்பே, ரிவ்யூ திட்டங்களைப் பதியும் இணையதளமான பிராஸ்பெரோவில் பதிவு செய்துவிடுங்கள். ஸ்கோப்பிங்கை அங்கே ஏற்க மாட்டார்கள். எழுதும்போது, ரிவ்யூ அறிக்கைக்கான சரிபார்ப்புப் பட்டியலான பிரிஸ்மா 2020-ன் 27 அம்சங்களையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆய்வு முடிவுகளைக் கணக்கிட்டு ஒரே எண்ணாகச் சேர்க்கும் மெட்டா அனாலிசிஸ் கட்டாயமில்லை. ஓர் ஆய்வு நோயாளி சொன்னதை எழுதியிருக்கும், இன்னொன்று மாத்திரையை எண்ணியிருக்கும். இவற்றை ஒரே எண்ணாகக் கலந்தால் அந்த எண்ணுக்கு அர்த்தமே இல்லை. ஆய்வு முடிவுகளின் முரண்பாட்டைக் காட்டும் ஐ ஸ்கொயர் 75 சதவீதத்துக்கு மேல் போனால் காரணத்தைத் தேடுங்கள். ஆய்வுக்கு ஆய்வு விளைவு மாறலாம் என்று கொள்ளும் ரேண்டம் எஃபெக்ட்ஸ் முறையைப் போட்டுவிட்டு நகர்ந்துவிடாதீர்கள்.

இந்தத் துறையில் முக்கியமான ஒன்று: சில ஆய்வுகளில் நோயாளிகளை அல்ல, மருத்துவமனைகளையே குலுக்கிப் பிரித்திருப்பார்கள். அவற்றைத் தனிநபர் ஆய்வுபோல் சேர்த்தால் நம்பக இடைவெளி பொய்யாகக் குறுகும், அந்த ஆய்வுக்கு அளவுக்கு மீறிய எடை கிடைக்கும். ஒரே மருத்துவமனை நோயாளிகள் ஒத்திருப்பதைக் கணக்கில் எடுக்கும் டிசைன் எஃபெக்டால் வகுத்து நோயாளி எண்ணிக்கையைக் குறைத்த பிறகே சேர்த்துக்கொள்ளுங்கள்.

கீழ்ப்பாக்கம் பிஜி:
நன்றி சார். கட்டுரைகளைச் சலிக்க இரண்டாவது ஆளாகக் கைடே இருக்கலாமா?

அடையாறு நூலகர்:
இருக்கலாம். கட்டுரைகளைச் சலிக்க உதவும் இணையச் செயலியான ரயனில் பிளைண்ட் வசதியைப் போட்டுவிடுங்கள், ஒருவர் முடிவு மற்றவருக்குத் தெரியக்கூடாது. முதல் ஐம்பது கட்டுரைகளை முடித்ததும் ஒப்பிடுங்கள். நிறைய முரண்பட்டால் சேர்ப்பு விதிகள் தெளிவாக இல்லை என்று பொருள்; விதியைத் திருத்தி, அந்த ஐம்பதை மறுபடி சலியுங்கள். பிறகும் இழுபறியானால் மூன்றாவது ஒருவர் முடிவு செய்யட்டும், அவர் யாரென்று இப்போதே பேசி வையுங்கள்.