புதுப்பிப்பு: தஹாப் போயிட்டு வந்தாச்சு, மாஸ்க் பிரச்சினை தீர்ந்துச்சு

போன மாசம் கேட்டிருந்தேன்ல, மைனஸ் 4 பவர், நீச்சலும் அரைகுறை, எகிப்துல செங்கடல் கரையில இருக்கற தஹாப் போய் ஸ்நார்க்கலிங் (கண்ணையும் மூக்கையும் மூடற மாஸ்க், மூச்சுக்குழாய் மாட்டிக்கிட்டு மேலாப்ல மிதந்தபடி கடலுக்குள்ள பாக்கறது) பண்ண முடியுமான்னு. முடியும் மக்களே, நேத்துதான் திரும்பி வந்தேன்.

பவர் லென்ஸ் மாஸ்க் வாடகைக்கு கெடச்சுச்சு, ஆனா முதல் நாள் பூரா உள்ள தண்ணி. மாஸ்க் ஓட்டைன்னு கடைக்காரர்ட்ட சண்டைக்கே போயிட்டேன், மனுஷன் சிரிச்சுக்கிட்டே என் மீசையை காட்டுறார். முடி வழியாத்தான் கசிஞ்சிருக்கு. ரூமுக்கு வந்து மூக்குக்கு கீழ இருக்கற ஓரத்தை மட்டும் வழிச்சேன், மறுநாள் ஒரு சொட்டு இல்ல.

மிதப்போமான்னு பயப்படறவங்களுக்கு, செங்கடல்ல உப்பு சுமார் 4 சதவீதம், கடல்கள்ல சராசரி 3.5 தான், ஆறு எதுவும் வந்து கலக்கறதில்ல மழையும் அபூர்வம், அதனால உடம்பு தானா மேல நிக்குது, தண்ணியும் கண்ணாடி மாதிரி. ப்ளூ ஹோல்னு கரையை ஒட்டியே கடலுக்குள்ள ஒரு ஆழமான குழி, அங்க கரையை தாண்டுன உடனே காலுக்கு கீழ பாதாளம், பவளச் சுவர் பூரா ஆரஞ்சு கலர் குட்டி மீனுங்க, சாமந்தியை உதிர்த்து விட்ட மாதிரி. தலையை தூக்குனா மொட்டை மலை, ஒரு புல் கிடையாது!

டைவிங் பத்தி கேட்டிருந்தீங்க, ப்ளூ ஹோல்ல 50 மீட்டருக்கும் கீழ பாறையில வளைவு மாதிரி ஒரு வழி இருக்கு, அதுல டைவ் பண்ணப் போய் நிறைய பேர் செத்திருக்காங்க, கரையில இருக்கற பாறையில அவங்க பேர் பொறிச்சு வச்சிருக்காங்க, படிச்சுட்டு நான் மேலயே இருந்துக்கிட்டேன்.

அப்புறம், முழுக்கை டி-ஷர்ட் போட்டுட்டு இறங்குங்க. எனக்கு முதுகு வெந்து போய் இன்னும் மல்லாந்து படுக்க முடியல.